வாசலும் வீதியும் விளக்கும்

தோற்றுவாய்

புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலை அடுத்து அமைந்திருக்கும் சிற்றூர் சித்தன்னவாசல். அவ்வூரின் பெயரைக் கேட்ட அளவில் தாமரைப் பொய்கையும், மலர் கொய்யும் அடியவரும், ஆடல் மகளிரும் தீட்டப்பெற்ற அறிவர் கோயில் ஓவியங்களே நம் நினைவில் எழும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வோவியங்கள் அறிஞர் உலகிற்கு அறிமுகமாயின. அன்றுதொட்டு அவற்றைக் காண வருவோர் எண்ணிலர். நம் மாணவர்களும் கல்விச் சுற்றுலா என்ற பெயரில் அங்குச் சென்று வருகின்றனர்.

ஆயின் அக்குன்றில் அவ்வோவியங்களை விடப் பல நூற்றாண்டுகள் பழமை வாய்ந்த பிறிதொரு செல்வமும் உண்டு. அதனைப் பலர் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகின்றனர். ஏழடிப்பட்டம் என வழங்கப்பெறும் குகைத்தளமே அது. வழுக்கும் பாறைச் சரிவில் கால் ஊன்றி ஏறுவதற்காக வெட்டப்பட்ட ஏழு படிக்குழிகளால் அஃது அப்பெயர் பெற்றது. உள்ளே வழவழப்பாகச் செதுக்கப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. தலை சாய்க்கும் இடம் தலையணைபோல் சற்றே உயர்த்தப்பட்டிருக்கும். அப்படுக்கைகளுள் ஒன்றினருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதி என்பார்க்குச் சிறுபோசில் இளையர் என்பார் செய்தளித்த இருக்கை இது என்பது அதன் கருத்து.

ஈராயிரம் ஆண்டுகட்கு முன் கல்லில் பொறிக்கப்பட்ட இச்சிறு வரியில் மூன்று செய்திகள் உள்ளன. யாருக்காகச் செய்யப்பட்டது, யாரால் செய்யப்பட்டது, என்ன செய்யப்பட்டது என்பனவே அவை. அவற்றுள் முதலில் நிற்பது ‘யாருக்காக’ என்னும் செய்தியே. பயன்பெற்றவர் படைகொண்ட வேந்தரும் அல்லர். பொருள்கொண்ட வணிகரும் அல்லர். வேற்றுப் புலத்தில் பிறந்து வந்து, உடைமை ஏதுமின்றி வாழ்ந்த ஒரு துறவியார். அவர் கால் வழுக்காதிருக்கப் பாறையில் படிக்குழி. அவர் தலை சாய்க்கக் கல்லில் ஒரு மேடு. பயன்படுத்துவோரின் காலையும் தலையையும் அளந்து பார்த்தே அப்பணி நடந்திருக்கிறது.

இன்று ஒரு தெருவில் பணி நடக்கும்போது அங்கு ஒரு பலகை நடப்படுகிறது. திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தக்காரரின் பெயர் ஆகியவை அதில் இடம்பெறும். அத்தெருவில் தடியூன்றி நடக்கும் மூதாட்டி, மூன்று சக்கர வண்டியில் செல்லும் மாற்றுத்திறனாளி, இருட்டுமுன் கரைந்தோடி வீடு சேரும் கூலிப் பெண், கண்புரை கொண்ட முதியவர் ஆகியோரைப் பற்றி அப்பலகை ஒன்றும் கூறுவதில்லை. பலகை கூறாததில் பிழையில்லை. பணியும் அவர்களை மறந்துவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம். சாலை வேண்டாம், புதிய விளக்கு வேண்டாம் என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தெருவில் நடைபெறும் எப்பணியும் அத்தெருவில் மிக மெல்ல நடக்கும் காலையும், மிக மங்கிய கண்ணையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

வாசலை விழுங்கும் வீதி

அன்னவாசல் என்பது அண்ணல்வாயில் என்பதன் மரூஉ என்றும், சித்தன்னவாசல் என்பது சிற்றண்ணல்வாயில் என்பதன் திரிபு என்றும் அறிஞர் கூறுவர். பெயரிலேயே வாயிலைத் தாங்கிய ஊர்கள் இவை. தமிழர் வாழ்வில் வாசல் என்பது வெறும் கதவுப்புறம் அன்று. அது விருந்தினரை எதிர்கொள்ளும் இடம்; முதியோர் அமர்ந்து தெருவோடு உறவாடும் இடம். அந்த வாசலின் நிலை இன்று என்ன?

தெருவைப் புதுப்பிக்கும்போது பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய பரப்பை இட்டுவிடுவது நெடுநாள் வழக்கம். ஒவ்வொரு முறையும் இரண்டு அங்குலம் உயர்ந்தால் ஆறு முறையில் ஓர் அடி உயர்ந்துவிடும். மூன்று படி ஏறி நுழைந்த வீட்டிற்குள் இன்று மூன்று படி இறங்கி நுழைய வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் தெருவின் நீர் வீட்டிற்குள் வருகிறது. வசதி படைத்தோர் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டிக்கொள்வர். அன்றேல் பெருஞ்செலவில் வீட்டையே தூக்கி நிறுத்திக்கொள்வர். ஓட்டு வீட்டில் ஒண்டிக் குடியிருக்கும் கைம்பெண் என்ன செய்வார்? வாசலில் மண்மூட்டையை அடுக்கி, மழை விடும்வரை கட்டிலின்மேல் அமர்ந்திருப்பார்.

இக்கேட்டினை அரசு அறியாமல் இல்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள், பழைய சாலைப்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய பரப்பை இட வேண்டும் என்றும், சாலையின் மட்டம் உயர்ந்து வீடுகள் தாழ்ந்துவிடக் கூடாது என்றும் அறிவுறுத்தினார். நல்ல ஆணை. ஆயின் ஆணை சென்னையில் பிறக்கிறது. சாலையோ ஊரின் கடைக்கோடித் தெருவில் இடப்படுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை அளந்து பார்க்க வேண்டியவர் அத்தெருவில் குடியிருப்போரே. புதுச்சாலை போடும் நாளில் வாசற்படியின் உயரத்தை முழக்கோலால் அளந்து கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டா?

பணியில் மனம் செல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு 2022ஆம் ஆண்டு வேலூர் மாநகரம் இரண்டு சான்றுகளைத் தந்தது. ஒரு தெருவில், நிறுத்தி வைக்கப்பட்டிருந்த இருசக்கர வண்டியை நகர்த்தாமலே அதன் சக்கரங்கள் புதையச் சிமென்ட் சாலை இடப்பட்டது. பிறிதோர் இடத்தில், அடிபம்பை உள்ளே வைத்தே கழிவுநீர்க் கால்வாய் கட்டப்பட்டது. நாடு முழுவதும் அப்படங்களைப் பார்த்துச் சிரித்தது. வண்டிக்கு உரியவரைத் தேடி நகர்த்தச் சொல்லலாம். ஆனால் அப்பம்பில் நீரடித்து வாழ்ந்த குடும்பத்திற்கு அது சிரிப்பாக இருந்திராது. கண்முன் நிற்கும் இரும்பையே காணாத பணி, கதவுக்குப் பின்னால் படுத்திருக்கும் நோயாளியை எங்ஙனம் காணும்?

தோண்டிய பள்ளமும் துண்டுபட்ட வாழ்வும்

2019ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் வீடுதோறும் குடிநீர்க் குழாய் வழங்கும் பணிக்காகச் சிற்றூர்த் தெருக்கள் பல தோண்டப்பட்டன. தலையில் குடம் சுமந்து நெடுந்தொலைவு நடந்த நம் பெண்களின் துயரை அறிந்தோர் அப்பணியைக் குறை கூறார். ஆயினும் நேற்று இட்ட சிமென்ட் சாலையை இன்று குழாய்க்காக அறுப்பதும், அறுத்த இடத்தை மண்ணால் மட்டும் மூடிவிட்டுச் செல்வதும் பல ஊர்களில் நாம் காணும் காட்சிகளே. நடுத்தெருவில் நீளமாக ஓடும் அத்தழும்பு இளைஞர்க்கு ஒரு தாவல். முதியவர்க்கு ஒரு முறிவு.

உலக நல நிறுவனத்தின் கணக்கின்படி, ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதால் உயிரிழக்கின்றனர். அவர்களுள் பெரும்பங்கினர் அறுபது அகவையைக் கடந்தோர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பத்தில் ஒருவர் அவ்வகவையினர். மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். இன்று இவ்வெண்கள் இன்னும் கூடியே இருக்கும். ஆகவே வலுக்குறைந்தோர் என்று நாம் கூறும்போது எங்கோ ஒரு மூலையில் இருக்கும் சிலரைப் பற்றிப் பேசவில்லை; நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருப்போரைப் பற்றியே பேசுகிறோம்.

நானறிந்த ஒரு பெரியவரைப் பற்றி இங்குக் கூற விழைகிறேன். ஊர் பெயரும் அவர் பெயரும் வேண்டா. எண்பதை நெருங்கியவர். நாள் தவறாது வைகறைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்பவர். ஒரு நாள் அவர் வாசலை ஒட்டிக் கால்வாய்க்காகப் பள்ளம் தோண்டப்பட்டது. குறுக்கே ஒற்றைப் பலகை ஒன்று போடப்பட்டது. இளைஞர் அதன்மேல் ஓடிக் கடந்தனர். பெரியவர் ஒரு முறை கால் வைத்துப் பார்த்தார், பலகை ஆடியது, காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். இரண்டு வாரங்களில் முடியும் எனப்பட்ட பணி மூன்று மாதங்களுக்கு மேல் நீண்டது. அம்மூன்று மாதமும் அவர் வீட்டை விட்டு வெளியேறவில்லை. பள்ளிவாசல் மட்டுமா போயிற்று? தொழுகைக்குப் பின் தேநீர்க் கடையில் செய்தித்தாள் வாசிப்பதும், வழியில் நாலு பேரிடம் நலம் கேட்பதும் போயின. பள்ளம் மூடப்பட்டபோது அவர் கால்கள் நடக்கும் பழக்கத்தையே இழந்திருந்தன. அவர் விழவில்லை, எலும்பும் முறியவில்லை, எந்தப் பதிவேட்டிலும் அவர் கணக்கு ஏறவில்லை. ஆயினும் அப்பள்ளம் அவர் வாழ்வை இரண்டாக வெட்டியது உண்மை.

விழுந்தவர் கதை இதினும் கொடிது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டப்பட்ட பள்ளத்தில் விழுந்து இளம் ஊடகவியலாளர் ஒருவர் உயிரிழந்தார். இருபத்தைந்து அகவையையும் எட்டாத இளைஞர்க்கே அக்கதி எனின், பார்வை மங்கியோர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

விளக்கு மாறிய கதை

இனித் தெருவிளக்கிற்கு வருவோம். இரவு நகரின் ஒளியைப் பாடுவதில் நம் முன்னோர் சளைத்தவர் அல்லர். மதுரையில் அல்லங்காடி என்னும் இரவுச் சந்தை நடந்ததை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. இரவில் ஊர் காக்கும் காவலரையும் அந்நூல் பேசுகிறது. இரவிலும் மக்கள் அச்சமின்றி நடமாடுவதே நல்லாட்சியின் அடையாளம் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று.

நம் காலத்தில் அவ்வொளிக்கு ஒரு பெரும் மாற்றம் வந்தது. நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டறிந்தமைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர்க்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அந்நீல ஒளியே வெள்ளை எல்.இ.டி. விளக்கிற்கு அடிப்படை. அதே ஆண்டு அக்டோபரில் வீசிய ஹுட்ஹுட் புயலால் இருளில் மூழ்கிய விசாகப்பட்டினம், அடுத்த ஆண்டிற்குள் தன் தெருவிளக்குகளில் ஏறத்தாழ 90,000 விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றிக்கொண்டது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் நடுவண் அரசு தெருவிளக்குகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. பத்தாண்டுகளில் 1.3 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் அதன்கீழ் மாற்றப்பட்டன. தமிழகத்தின் ஊராட்சிகளிலும் 40 வாட் குழல்விளக்கு இருந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. விளக்கு ஏறியது.

இதனால் விளைந்த நன்மையை மறைத்துப் பேசுதல் அறமன்று. தெருவிளக்கிற்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் செலுத்தியே பல ஊராட்சிகளின் கைப்பொருள் கரைந்துவிடுகிறது. மின்செலவைப் பாதியாகக் குறைக்கும் விளக்கு அவற்றிற்குப் பெருந்துணை. அடிக்கடி சோக்கும் ஸ்டார்ட்டரும் மாற்றும் தொல்லையும் இல்லை.

ஆயினும் மாற்றும் முறையில் மூன்று குறைகளைக் காண்கிறேன்.

முதலாவது, இடைவெளி இருள். பழைய விளக்கைக் கழற்றும் நாளும் புதிய விளக்கை ஏற்றும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. கம்பி மாற்ற வேண்டும், கம்பம் மாற்ற வேண்டும், பொருள் வரவில்லை என்று நாள்கள் கழிகின்றன. அலுவலகக் கோப்பில் அஃது ஒரு வாரத் தாழ்வு. தெருவில் அஃது ஏழு இரவுகள். பெரும்பாலும் முதலில் ஒளி பெறுவது கடைத்தெரு; கடைசியில் பெறுவது ஊரின் ஓரத்துக் குடியிருப்பு. இருளில் நடப்போர்க்கு நம் நாட்டில் பாம்பென்னும் பகையும் உண்டு. 2000 முதல் 2019 வரையிலான இருபதாண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் மாண்டனர் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாட்டுப்புறத்தினர். பாறையும் புதரும் கண்மாய்க் கரையும் சூழ்ந்த சித்தன்னவாசல் போன்ற ஊர்களில், காலடியைக் காட்டும் விளக்கு அணிகலன் அன்று, உயிர்க்காவல்.

இரண்டாவது, கண்கூச்சம். முன்னே கூறிய பெரியவர் புதிய விளக்கைப் பற்றி என்னிடம் சொன்னது இன்றும் செவியில் ஒலிக்கிறது: “தம்பி, பழைய வெளக்கு மங்கல்தான், ஆனா தெரு தெரிஞ்சுது. புது வெளக்கு பிரகாசமாத்தான் எரியுது. கண்ணு கூசுது, காலடிதான் தெரியல.” இதில் மருத்துவ உண்மை உண்டு. அகவை ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது. விழித்திரையைச் சென்றடையும் ஒளி குறைகிறது. கண்புரை உடையோர்க்கு உட்புகும் ஒளி சிதறிப் படலம் போலப் பரவுகிறது. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு மாறும்போது கண் பழகுவதற்கும் நேரம் மிகுதியாகிறது. இந்நிலையில் மறைப்பின்றிக் கண்ணில் நேரே பாயும் நீலவெள்ளை ஒளி உதவுவதற்கு மாறாக ஊறு செய்கிறது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகால் குறிப்பர். எண் குறையக் குறைய ஒளி மஞ்சள் சாயல் பெறும். தெருவிளக்கின் ஒளி 3,000 கெல்வினோ அதற்குக் கீழோ இருத்தல் நன்று என்றும், கண்ணில் பாயாதபடி மறைப்பு வேண்டும் என்றும் அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது.

மூன்றாவது, கம்பத்தின் தொலைவு. குழல்விளக்கு எல்லாப் பக்கமும் ஒளி சிந்தும். எல்.இ.டி. விளக்கு கீழ்நோக்கி ஒரே பக்கம் ஒளி பாய்ச்சும். பழைய விளக்கிற்கென நட்ட கம்பங்களிலேயே இதனை மாட்டினால், கம்பத்தடியில் ஒளி வட்டமும் இரு கம்பங்களுக்கு நடுவே இருள் வட்டமும் விளையும். இளங்கண் அவ்விரண்டையும் எளிதில் கடக்கும். முதுகண்ணோ ஒளியில் கூசி, இருளில் தடுமாறும். பள்ளம் எப்போதும் அந்த நடு இருளில்தான் இருக்கிறது என்பது தெருவில் நடப்போர் அறிந்த செய்தி. வாட்டைக் கணக்கிட்டோம், தொலைவைக் கணக்கிட்டோமா?

மிதிவண்டியின் மாவட்டம்

ஒளியும் வழியும் இல்லாதார்க்கு அவை கிடைத்தால் என்ன நிகழும் என்பதை உலகிற்குக் காட்டிய மாவட்டம் புதுக்கோட்டை. 1991ஆம் ஆண்டு இங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கல்லுடைக்கும் தொழிலாளரும், வயல் வேலை செய்வோரும், ஊர்நல ஊழியரும், ஆசிரியைகளும், நம் சமுதாயத்து இளம்பெண்களும் அவர்களுள் இருந்தனர். செய்தியாளர் பி. சாய்நாத் இதனை எழுதியபின் நாடு முழுவதும் இவ்வரலாற்றை அறிந்தது.

பகலெல்லாம் களத்தில் உழைத்தவர்க்கு எழுதப் படிக்க வாய்த்த பொழுது அந்திக்குப் பிந்திய பொழுதே. வகுப்பு முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்குத் தெருவிளக்கு பாடநூலைப் போலவே இன்றியமையாதது. மிதிவண்டி ஒரு பெண்ணின் தொலைவைச் சுருக்கியது. தெருவிளக்கு அவள் பொழுதை நீட்டியது. ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்தராது. இன்று அப்பெண்களுள் பலர் அறுபதைத் தாண்டியிருப்பர். அன்று மேடு பள்ளம் பாராமல் மிதித்துச் சென்ற அக்கால்கள் இன்று ஒரு வாசற்படிக்கே தயங்குகின்றன. அவர்களுக்கு நாம் பட்ட கடனைத் திருப்பித் தரும் காலம் இது.

இருள் இன்னதென்பதையும் இம்மாவட்டம் அறியும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்பொழுதில் கரையைக் கடந்த கஜா புயல், காவிரிப் படுகையிலும் புதுக்கோட்டையிலுமாக ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்கள் வாரக்கணக்கில் ஒளியின்றிக் கிடந்தன. அந்நாள்களில் வலியோர் ஜெனரேட்டர் தேடினர். எளியோர் அந்தியோடு கதவை அடைத்தனர். புயலால் வந்த இருளுக்கு இயற்கையைக் குறை கூறலாம். திட்டமிட்டு நடத்தும் பணியால் வரும் இருளுக்கு யாரைக் குறை கூறுவது?

சட்டம் நம் பக்கமே

தெருவிளக்கும் தெருவும் ஊராட்சி மனமிரங்கித் தரும் கொடை அல்ல. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு, ஊர்ச்சாலைகளைப் பேணுவதையும், குடியிருப்புப் பகுதிகளில் பொதுச்சாலைகளுக்கு ஒளியூட்டுவதையும் ஊராட்சியின் கட்டாயக் கடமைகளாக வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தடையற்ற அணுகலை உரிமையாக்கியது. அவ்வணுகலுக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக நிற்றல் ஆகாது, கட்டாயமாக்கப்படுதல் வேண்டும் என்று 2024ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே நீதிமன்றம் கூறியது. 2022ஆம் ஆண்டு மட்டும் இந்தியச் சாலைகளில் நடந்து சென்றோர் 32,000க்கும் மேற்பட்டோர் விபத்தில் மாண்டனர் என்பதை நோக்கின், அத்தீர்ப்பின் அருமை விளங்கும்.

ஆகவே குறை சட்டத்தில் இல்லை. கேட்போர் இல்லாமையே குறை. தமிழகத்தில் ஆண்டுக்கு நான்கு நாள்கள் கூடிய கிராமசபை, 2022ஆம் ஆண்டில் ஆறு நாள்களாக உயர்த்தப்பட்டது. அங்கு வரவு செலவு வாசிக்கப்படுகிறது, கையெழுத்து வாங்கப்படுகிறது. தெருவில் நடக்கவே இயலாத முதியவர் அச்சபைக்கு எவ்வாறு வருவார்? வர இயலாதோர் குறையை வர இயன்றோர் எடுத்துச் சொல்லாவிடில் அது சொல்லப்படாமலே போகும்.

மறுப்பும் விடையும்

‘பணியென்றால் தொல்லை இருக்கத்தான் செய்யும், நாலு நாள் பொறுத்தால் நாற்பது ஆண்டு நலம்’ என்று சிலர் கூறுவர். பொறுமை நற்பண்பே. ஆயின் பொறுக்கும் சுமை எல்லார்மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. நாலு நாள் தொல்லை ஊரார்க்கு நாலு நாளாகவே கழிகிறது. சிறுநீரக நோய்க்காக வாரம் இருமுறை மருத்துவமனை செல்பவர்க்கு அஃது உயிரோடு ஆடும் ஆட்டம்.

‘இதற்கெல்லாம் பணம் ஏது?’ என்று கேட்போரும் உண்டு. பழைய பரப்பைச் சுரண்டி எடுக்கச் செலவாகும் என்பது மெய். ஆயின் ஆடாத அகன்ற பலகைக்கும், கைபிடிக்க ஒரு மூங்கிற் கழிக்கும், இரவில் எரிய ஒரு சிவப்பு விளக்கிற்கும் ஆகும் செலவு பணியின் மதிப்பீட்டில் எத்துணைப் பங்கு? பழைய விளக்கைக் கழற்றும் அன்றே புதியதை மாட்டுவதற்கு என்ன செலவு? இங்கு வேண்டுவது பொருளன்று, முன்னினைவு.

செய்யத்தக்கன

குறை கூறி நிறுத்துதல் எளிது. ஆதலின் என் சிற்றறிவிற்கு எட்டியவற்றை இங்கு வைக்கிறேன்.

1. பணி தொடங்குமுன் அத்தெருவில் தனித்து வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், நெடுநாள் நோயாளிகள், கருவுற்ற மகளிர் ஆகியோர் இருக்கும் வீடுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வீடுகளின் முன் தோண்டிய பள்ளத்தை முதலில் மூட வேண்டும்.

2. பள்ளம் தோண்டிய அன்றே, சக்கர நாற்காலி செல்லத்தக்க அகலமும் பிடிகழியும் உடைய பாலம் இட வேண்டும். தடுப்பும் சிவப்பு விளக்கும் வைக்க வேண்டும்.

3. புதிய சாலை எவ்வீட்டு வாசலையும் விட உயர்தல் ஆகாது. பணிக்கு முன்னும் பின்னும் வாசற்படியின் உயரத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும்.

4. புதிய விளக்கு எரியும்வரை பழைய விளக்கைக் கழற்றுதல் கூடாது. மாற்றும் வேலை ஊரோரத்துக் கடைசிக் கம்பத்திலிருந்து தொடங்குதல் நன்று.

5. விளக்குகளை ஏற்றிய பின் ஓர் இரவு அத்தெருவின் முதியவர் இருவரை நடக்கச் செய்து, கண் கூசுகிறதா, காலடி தெரிகிறதா என்று கேட்க வேண்டும். கூசினால் விளக்கின் சாய்வை மாற்றலாம், மறைப்பு இடலாம், மஞ்சள் சாயல் ஒளியைத் தேர்ந்தெடுக்கலாம்.

6. ஒவ்வொரு கம்பத்திலும் அதன் எண்ணும், பழுதைத் தெரிவிக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும்.

மாணவமணிகளே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக நீங்கள் சிற்றூர்களுக்குச் செல்கிறீர்கள். பகலில் கோயிலையும் பள்ளிவாசலையும் தூய்மை செய்கிறீர்கள். அந்நாள்களில் ஒன்றிலேனும் இரவு எட்டு மணிக்கு ஒரு முதியவரின் கையைப் பற்றிக்கொண்டு அவர் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பாருங்கள். அவர் நிற்குமிடத்தில் நில்லுங்கள், ஏன் நின்றார் என்று கேளுங்கள், கேட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். எரியாத கம்பம் எத்தனை, மூடாத பள்ளம் எத்தனை, ஏற முடியாத வாசல் எத்தனை என்னும் பட்டியலை அடுத்த கிராமசபையில் கொடுங்கள். நூறு கட்டுரைகள் செய்யாததை அவ்வொரு தாள் செய்யும்.

ஆசிரியப் பெருமக்கள் அப்பட்டியலைச் செம்மைப்படுத்தித் தரலாம். சமுதாயப் பெரியோர், ஊர்ப் பெரியதனக்காரர், ஜமாஅத்தார் ஆகியோரின் சொல்லுக்கு அலுவலகங்களில் இன்றும் மதிப்புண்டு. அம்மதிப்பைத் தம் தெருவின் விளக்கிற்காக மட்டுமன்றி, அடுத்த தெருவின் இருளுக்காகவும் அவர்கள் செலவிட வேண்டும். வழியில் கிடக்கும் இடரை அகற்றுவதை அறமென்று கருதாத சமயம் எதுவுமில்லை.

நிறைவாக

சித்தன்னவாசலின் கற்படுக்கையில் இன்று எவரும் படுப்பதில்லை. அதனைச் செய்வித்த இளையரின் ஊர் எது, குலம் எது என்பதெல்லாம் ஆராய்ச்சியாளர்க்குரிய வினாக்கள். ஆயினும் அவர் யாருக்காகச் செய்தார் என்பது ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தும் கல்லில் நிற்கிறது. வழுக்கும் பாறையில் யாரோ ஒருவர் உளியெடுத்து, ஒரு கால் வைக்கும் அளவிற்குக் குழித்து, அடுத்த காலுக்கு எட்டும் தொலைவைக் கணித்து, மீண்டும் குழித்திருக்கிறார். ஏறுபவரின் கால் எவ்வளவு எட்டும் என்று எண்ணிப் பாராமல் அவ்வேழு படிக்குழிகளையும் வெட்டியிருக்க இயலாது.

நம் தெருக்களைத் தோண்டுவோரும், மூடுவோரும், விளக்கேற்றுவோரும் அந்த எட்டும் தொலைவை ஒருகணம் எண்ணிப் பார்த்தால் போதும். அந்தப் பெரியவர் மீண்டும் வாசற்படி கடந்து வைகறையில் தெருவில் இறங்குவார்.